ஆல்-சீசன் டயர் ஸ்னோவில் எதுவரை தாங்கும்?

கனடாவில் புதிதாக வாங்கும் காரில் பெரும்பாலும் மாட்டியிருப்பது ஆல்-சீசன் டயர். பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கிறது. பிறகு எதற்கு நவம்பர் வந்ததும் ஊரே விண்டர் டயர் மாற்ற கராஜ் வாசலில் வரிசை கட்டுகிறது? முதல் குளிர்காலத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. டயர் கடைக்காரர்களின் வியாபார தந்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. தந்திரம் இல்லை. அதே சமயம் 'ஆல்-சீசன் எதற்கும் உதவாது' என்பதும் மிகை. மழையில் அது நல்ல டயர். மெல்லிய புது ஸ்னோவில் ஓரளவு சமாளிக்கும். ஐஸில் காலை வாரிவிடும். இந்த எல்லைகள் எங்கே, ஏன் என்று தெரிந்துகொண்டால், உங்கள் ஊருக்கும் ஓட்டத்துக்கும் அது போதுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் காருக்குப் பக்கத்தில் குந்தி டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். அளவு எண்களுக்கு அருகில் 'எம்+எஸ்' என்று பொறித்திருக்கும். மட், ஸ்னோ என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் அவை. சேற்றுக்கும் ஸ்னோவுக்கும் ஆனது என்று பொருள். ஆனால் இந்த எழுத்தைப் போட, டயரை ஸ்னோவில் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சாலையில் படும் முகத்தில் குறைந்தது கால் பங்கு பள்ளமாக இருக்க வேண்டும், பள்ளங்கள் ஓரத்திலிருந்து உள்ளே போக வேண்டும் என்பதைப் போன்ற வடிவ நிபந்தனைகள் பொருந்தினால் போதும். ரப்பர் எப்படிப்பட்டது, மைனஸ் 15 டிகிரியில் எப்படி நடந்துகொள்ளும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. குட்இயர் நிறுவனம் 1977-இல் டியெம்போ என்ற பெயரில் முதல் ஆல்-சீசன் டயரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 'வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றும் தொல்லை இல்லை' என்பதுதான் அதன் கவர்ச்சி. அந்தக் கவர்ச்சி இன்னும் குறையவில்லை.

இன்னொரு குறியும் உண்டு. மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிச்சில்லு. 1999-இல் அமெரிக்க, கனடிய டயர் உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து கொண்டுவந்த குறி இது. எம்+எஸ் போல வெறும் வடிவக் கணக்கு இல்லை. அழுத்தப்பட்ட ஸ்னோவில் டயரை உண்மையிலேயே சோதித்து, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் டயரை விடக் குறைந்தது 10 சதவீதம் அதிக இழுவை கிடைத்தால்தான் போடலாம். இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட அமெரிக்காவில் அந்தச் சோதனை அளப்பது கார் முன்னோக்கி இழுக்கும் பிடியை. ஐஸில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும், வளைவில் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லாது. ஆகவே மலைக்குறி உள்ள டயர்கள் எல்லாம் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலைக்குறி போட்டும் வருடம் முழுக்க ஓட்டக்கூடிய டயர்களைக் கடையில் ஆல்-வெதர் என்பார்கள். ஆல்-சீசன், ஆல்-வெதர் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால் நிறையப் பேர் குழம்பிப்போய் வேறொன்றை வாங்கி வருகிறார்கள். பில்லைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரைப் பாருங்கள். இந்த இரண்டில் மலை இருந்தால் ஆல்-வெதர். எம்+எஸ் மட்டும் இருந்தால் ஆல்-சீசன்.

ரப்பர் ஏன் இறுகுகிறது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரும் குளிரில் கெட்டியாகும். எண்ணெய் போல ஒரே அடியாக உறையாது. டிகிரி டிகிரியாக இறுகிக்கொண்டே போகும். டயர் சாலையைப் பிடிப்பதற்குக் காரணமே ரப்பரின் நெகிழ்வுதான். தார்ச்சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களால் ஆனது. மென்மையான ரப்பர் அந்த மேடுகளை அணைத்துக்கொண்டு உட்காரும். இறுகிய ரப்பர் அவற்றின் உச்சிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நழுவும்.

ஆல்-சீசன் ரப்பரை ஜூலை மாத வெயிலில் 30 டிகிரியிலும் சீக்கிரம் தேயாமல் இருக்கும்படி கலக்கிறார்கள். அந்தக் கலவைக்குக் கொடுக்கும் விலையைக் குளிரில் கட்ட வேண்டியிருக்கிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதன் பிடி குறையத் தொடங்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 7-இல் ஒரு சுவிட்ச் இருப்பதுபோல் நினைக்க வேண்டாம். 5 டிகிரியில் வித்தியாசம் கொஞ்சம்தான், மைனஸ் 15-இல் நன்றாகத் தெரியும். விண்டர் டயரின் கலவை மைனஸ் 20-இலும் ஓரளவு மென்மையாகவே இருக்கும். அதையே ஆகஸ்டில் ஓட்டினால் அழிரப்பர் போலத் தேய்ந்து தீரும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்னோ விழாத நாளிலும் இந்தக் கணக்கு வேலை செய்கிறது என்பது. ஜனவரியில் காய்ந்த சாலை, பளிச்சென்ற வெயில், மைனஸ் 18 டிகிரி. கண்ணுக்குச் சாலை கோடைச் சாலை மாதிரி இருக்கும். பிரேக் பிடித்தால் அப்படி இருக்காது.

ஈரச் சாலை: இது ஆல்-சீசனின் சொந்த வீடு

மழையில் டயரின் முதல் வேலை தண்ணீரை அப்புறப்படுத்துவது. எவ்வளவு தண்ணீர்? 20 செ.மீ. அகல டயர், சாலையில் 3 மி.மீ. தண்ணீர், வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரே டயர் ஒரு நொடியில் சந்திக்கும் தண்ணீர் ஏறத்தாழ 17 லிட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் ஒரு பெரிய கறுப்புத் தொட்டியை ஒரு நிமிடத்தில் காலி செய்வது போன்ற வேலை அது. இதைச் செய்வது சுற்றிலும் ஓடும் நீளப் பள்ளங்களும், அங்கிருந்து தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளும் குறுக்குப் பள்ளங்களும்.

தண்ணீர் வெளியேற நேரமோ இடமோ போதாவிட்டால், டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு போலத் திரண்டு டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். கார் தண்ணீரின் மேல் மிதக்கும். இதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். ஸ்டீயரிங் திடீரென்று பஞ்சுபோல லேசாகிவிடும். திருப்பினாலும் கார் நேராகவே போகும். விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு சூத்திரம் இங்கே பயன்படும்: மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தண்ணீரின் ஆழம் பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சிய நிலையில், 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றுள்ள டயர் சுமார் 98 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 26-க்கு இறங்கிவிட்டால் அது சுமார் 85 கி.மீ. கார் டயரின் அகலமும் வடிவமும் இந்த எண்ணை மாற்றும் என்பதால் இதைத் தோராயக் கணக்காக மட்டும் கொள்ளுங்கள். சொல்ல வருவது என்னவென்றால், காற்று குறைந்த டயர் ஹைவே வேகத்துக்கு முன்னாலேயே மிதந்துவிடும்.

நல்ல ஆழம் மிச்சமிருக்கும் ஆல்-சீசன் டயர், 10 டிகிரி மழையில் விண்டர் டயரை விடக் குறைந்த தூரத்தில் நிற்பதே வழக்கம். விண்டர் டயரின் மென்மையான கட்டைகள் (பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் துண்டுகள்) அந்த வெப்பத்தில் நெளியும். அதனால்தான் ஏப்ரல் கடைசியிலும் விண்டர் டயரைக் கழற்றாமல் ஓட்டுவது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, டயரின் பிடிப்புக்கும் நஷ்டம். 2, 3 டிகிரி குளிர்மழை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது; அங்கே புது ஆல்-வெதர் டயருக்குக் கை ஓங்கியிருக்கும்.

மிதக்கத் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். சக்கரம் தரையைத் தொடும்போது அது திரும்பிய நிலையில் இருந்தால், பிடி கிடைத்த நொடியிலேயே கார் பக்கவாட்டில் பாயும்.

பனி என்பது ஒன்றல்ல

பேச்சில் எல்லாவற்றையும் 'பனி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். டயருக்கு அவை நான்கு வெவ்வேறு பரப்புகள்.

புதிதாக விழுந்த, உதிரியான ஸ்னோவில் பள்ளங்கள் ஸ்னோவை அள்ளி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஸ்னோ ஸ்னோவோடு நன்றாக ஒட்டும்; கையில் உருண்டை பிடித்தவர்களுக்குத் தெரியும். அதாவது டயர் இழுப்பது ரப்பரால் மட்டும் அல்ல, தன் பள்ளத்தில் அடைத்துக்கொண்ட ஸ்னோவாலும். எனவே பள்ளத்தில் வெள்ளையாக அப்பியிருப்பதைப் பார்த்து அடைப்பு என்று குச்சியால் நோண்ட வேண்டாம். புது ஆல்-சீசன் டயருக்கு இந்தப் பரப்பில் 3 முதல் 5 செ.மீ. வரை பெரிய சிரமம் இருக்காது. ஆழம் கூடினால் பள்ளங்கள் நிரம்பி, காருக்கு முன்னால் ஸ்னோ குவிந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

வண்டிகள் ஓடி ஓடி இறுகிய ஸ்னோ அடுத்தது. இங்கே வேலை செய்வது சைப் எனப்படும் மெல்லிய வெட்டுகள். கட்டைகளின் மேல் பிளேடால் கீறியதுபோல இருக்கும். 1923-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஜான் சைப்பின் பெயரே நிலைத்துவிட்டது. டயர் அழுந்தும்போது ஒவ்வொரு வெட்டும் விரிந்து, அதன் விளிம்பு ஸ்னோவைக் கவ்வும். ஆல்-சீசனில் சில சைப்கள் உண்டு. விண்டர் டயரில் ஒவ்வொரு கட்டையிலும் நெளிநெளியாகப் பல இருக்கும். அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று வெண்ணெய்க் கட்டி மாதிரியும் மற்றது இடியாப்பம் மாதிரியும் தெரியும்.

மூன்றாவது ஸ்லஷ். உப்புத் தூவிய பிறகு சாலையில் கிடக்கும் சாம்பல் நிறக் கூழ். பலர் இதைக் கண்டு பயப்படுவதில்லை, பயப்பட வேண்டும். தண்ணீரை விடக் கெட்டியானது என்பதால் பள்ளத்தை விட்டு அவ்வளவு வேகமாக வெளியேறாது. ஹைவேயில் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களும் கறுப்பாகத் தெரியும், லேன்களுக்கு நடுவே கூழ் வரப்பு போலக் குவிந்திருக்கும். லேன் மாற்றும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அந்த வரப்பில் ஏறினால் கார் அந்தப் பக்கமாக வெடுக்கென்று இழுக்கும். ஸ்லஷ் நாளில் லேன் மாற்றுவதே குறைய வேண்டும்; மாற்றினால் வேகத்தைக் குறைத்த பிறகு, ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பி.

கடைசியாக ஐஸ். கடுங்குளிரை விட பூஜ்ஜியத்தை ஒட்டிய ஐஸ்தான் மோசமானது. மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், அதுதான் வழுக்கும். பகலில் உருகி மாலையில் உறையும் நேரம், மேம்பாலங்கள், மரநிழல் விழும் வளைவுகள் ஆகியவை ஆபத்தான இடங்கள். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால் அது மற்ற சாலையை விட முன்னால் உறைந்துவிடும். கறுப்புத் தார் தெரியும்படி கண்ணாடிபோல உறைந்திருந்தால் அது பிளாக் ஐஸ். ஈரம் என்று கண் ஏமாறும். முன்னே போகும் காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை, ஆனால் சாலை மின்னுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். சாலை உப்பும் எல்லா நாளும் காப்பாற்றாது. சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும்.

கிளம்புவது வேறு, நிற்பது வேறு

ஆல்-சீசன் டயர் தரும் மிகப் பெரிய ஏமாற்று இதுதான். வீட்டு வாசலிலிருந்து கார் சிக்காமல் கிளம்பிவிட்டது என்றால் 'டயர் பரவாயில்லை' என்று தோன்றும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் நம்பிக்கை இன்னும் கூடும். நான்கு சக்கரமும் இழுப்பதால் கிளம்புவது எளிதாகிறது, அவ்வளவுதான். எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான். நிற்கும்போது ஃபோர் வீல் டிரைவ் ஒரு அடி தூரத்தையும் குறைத்துத் தராது.

50 கி.மீ. வேகத்தில் போய் முழு பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று உராய்வுக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு (பிடியைச் சொல்லும் எண்; குறையக் குறைய வழுக்கும்) 0.8 என்றால் சுமார் 12 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் 0.5 என்றால் 20 மீட்டர். இறுகிய ஸ்னோவில் 0.25 என்றால் 39 மீட்டர். ஐஸில் 0.1 என்றால் 98 மீட்டர். பிரேக்கில் கால் படுவதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கே 14 மீட்டர் போய்விடும்.

இறுகிய ஸ்னோவில் டயரால் கிடைக்கும் பிடி 0.25-லிருந்து 0.2-க்கு இறங்கினால் என்ன? கேட்பதற்கு அற்பமான எண். நிற்கும் தூரம் 39-லிருந்து 49 மீட்டராகிறது. அந்த 10 மீட்டர், இரண்டு கார் நீளம். நல்ல விண்டர் டயருக்கும் சுமாரான ஆல்-சீசனுக்கும் இடையில் இருப்பது இந்த மாதிரி வித்தியாசம்தான். சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியின் பின்கதவு அந்த 10 மீட்டருக்குள்தான் இருக்கும். மாற்று வழி வேகத்தைக் குறைப்பது: அதே 0.25 ஸ்னோவில் 30 கி.மீ. வேகம் என்றால் 14 மீட்டரில் நிற்கலாம்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பெடல் கடகடவென்று காலை உதைக்கும். அது பழுது அல்ல. காலை எடுக்காமல் அழுத்தியே இருங்கள். சக்கரம் இறுகி நிற்காமல் சுழல்வதால் காரைத் திருப்ப முடியும், அதுதான் ஏபிஎஸ்ஸின் லாபம். ஆனால் உதிரி ஸ்னோவில் நிற்கும் தூரம் சில சமயம் கூடிப்போகும். முதல் ஸ்னோ விழுந்த அன்று காலியான பார்க்கிங் இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், கால் பழகிவிடும்.

தேய்மானமும் காற்றும்

புது ஆல்-சீசன் டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு திட்டுகள் 1.6 மி.மீ. உயரம். கட்டை அந்தத் திட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் மொட்டை, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் குளிர்காலத்துக்கு அந்த எல்லை செல்லாது. 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயரை ஸ்னோ படிந்த சாலையில் ஓட்ட வேண்டாம் என்று கனடியப் போக்குவரத்துத் துறை சொல்கிறது. ஏன் என்று இப்போது புரியும்: ஸ்னோவை அள்ளிப் பிடிக்கும் இடம் பாதியாகிவிட்டது, அநேக டயர்களில் சைப்கள் பள்ளத்தின் அடிவரை போவதில்லை என்பதால் தேயத் தேய அவையும் மறைந்துவிடும். புதிதில் ஸ்னோவில் சமாளித்த ஆல்-சீசன், மூன்றாவது குளிர்காலத்தில் அதே தெருவில் வழுக்குவதற்கு ஓட்டுநர் காரணமில்லை.

சில டாலருக்கு ஆழமானி கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

காற்று விஷயத்தில் குளிர் செய்யும் வேலை பலருக்குத் தெரிவதில்லை. 15 டிகிரி உள்ள கராஜுக்குள் 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, மைனஸ் 20-இல் வெளியே நிறுத்தினால், டயர் ஆறியதும் 29 தான் இருக்கும். துளை எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று சுருங்குகிறது. 5, 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். டாஷ்போர்டு விளக்கு எச்சரிக்குமே என்றால், பெரும்பாலும் அது 25 சதவீதம் குறைந்த பிறகே எரியும். 35-இல் அது 26. அதாவது 29-இல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு வாயே திறக்காது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு, மாதம் ஒரு முறை, கார் சில மணி நேரம் வெளியே ஆறி நின்ற பிறகு காற்றுப் பிடியுங்கள். டயரின் மேல் பொறித்திருக்கும் அதிகபட்ச எண்ணுக்கு அல்ல. ஸ்னோவில் பிடி கிடைக்கட்டும் என்று காற்றை இறக்கி ஓட்டும் வழக்கம் மணல் பயணத்திலிருந்து வந்தது. ஹைவேயில் அது மிதப்பைத்தான் வரவழைக்கும்.

சட்டமும் தேர்வும்

கியூபெக் மாகாணத்தில் பேச்சுக்கே இடமில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குறி டயர் கட்டாயம். வெறும் எம்+எஸ் செல்லாது. அபராதம் 200 முதல் 300 டாலர். இந்த விதி கியூபெக்கில் பதிவான கார்களுக்குத்தான்; ஆனாலும் ஒன்ராறியோ பதிவெண் உள்ள காரில் குளிர்காலத்தில் மொன்றியல் போகும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட மலைச் சாலைகளுக்கு அக்டோபர் 1 முதல் விதி உண்டு, அங்கே 3.5 மி.மீ. ஆழமுள்ள எம்+எஸ் டயரும் ஏற்கப்படும். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் விண்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் விதி. ஆல்-வெதருக்கும் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: 2024 அக்டோபரிலிருந்து பனிச்சாலையில் எம்+எஸ் மட்டும் உள்ள டயர் போதாது, மலைக்குறி வேண்டும்.

டொரொண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மிசிசாகாவிலோ இருந்துகொண்டு, உப்புப் போட்ட பெருஞ்சாலையில் மட்டும் ஓட்டி, ஸ்னோப் புயல் அன்று வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்தவருக்கு நல்ல ஆல்-வெதர் போதும். அதிகாலை ஷிப்டுக்கு, உப்பு வண்டி வருவதற்கு முன் கிளம்புகிறவருக்கும், 400 நெடுஞ்சாலையில் வடக்கே பேரி பக்கம் தினமும் போகிறவருக்கும் விண்டர் டயர்தான். ஆல்-சீசன் மட்டும் வைத்து முழுக் குளிர்காலத்தையும் ஓட்டலாமா? டயர் புதிது, ஓட்டம் குறைவு, மோசமான நாளில் பஸ் உண்டு என்றால் ஓட்டுகிறார்கள். கடுங்குளிர் ஊர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதற்கில்லை.

விண்டர் டயர் வாங்கினால் நான்காக வாங்குங்கள். செலவு மிச்சம் என்று முன்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு போட்டால், பிரேக் பிடித்துத் திரும்பும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். கார் சுற்றிவிடும். தனி இரும்பு ரிம்மில் மாட்டி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் கூலி மிச்சம். மாட்டிய பிறகு 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளைக் காரின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

அக்டோபர் நடுவில் அளந்து பார்த்து ஆல்-சீசன் 5 மி.மீ.க்கு வந்துவிட்டது என்றால், அதை நம்பிக் குளிர்காலத்துக்குள் போக வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம். கழற்றி, சக்கரத்தின் இடத்தைச் சாக்குக்கட்டியால் எழுதி, வெயில் படாத மூலையில் வையுங்கள். மே மாதம் திரும்ப மாட்டினால் 3 மி.மீ. வரும்வரை ஒரு கோடை மழைக்காலம் தாராளமாக ஓடும்.